கரண்டை நிறுத்தாமல் கட்டிய காயில்

"18.06.2024, செவ்வாய். முத்திரை வலப்பக்கம் மங்கல். மை குறைவா? பார்க்க."

எங்கள் கிளை அஞ்சலகத்தின் முத்திரைப் புத்தக ஓரத்தில் நான் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. தினமும் காலையில் முத்திரையில் தேதி எழுத்துகளை மாற்றி, அந்தப் புத்தகத்தில் ஒருமுறை குத்திப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலையைத் தொடங்குவேன். ஆலங்குடி பக்கத்து ஊர் ஒன்றில் பத்தொன்பது வருடங்களாக நான்தான் போஸ்ட் மாஸ்டர். ஊரில் எல்லோருக்கும் போஸ்ட்டம்மா. கடிதங்கள் குறைந்துவிட்டன, ஆனால் ஒரு நாள்கூட முத்திரை குத்தாமல் விட்டதில்லை.

அன்று மைத்திண்டுக்குப் புது மை ஊற்றினேன். மறுநாளும் வலப்பக்கம் மங்கல். அதற்கு மறுநாளும் அப்படியே. ஆறு நாள் கழித்து, ஜூன் 24 திங்கட்கிழமை, முத்திரை வலது கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. குனிந்து பார்த்தேன். விரல்கள் மூடியபடியே இருந்தன. அவற்றுக்குள் ஒன்றும் இல்லை என்பது அவற்றுக்குத் தெரியவில்லை.

இதை இவ்வளவு தேதியோடு எழுதுவது ஏன் என்றால், நரம்பு சம்பந்தமான நோயில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "எப்ப ஆரம்பிச்சது?" என்பதுதான். என்னோடு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோரால் அதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. என்னால் முடிந்தது. அந்தப் பெருமையில் தொடங்கித்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

ஜூன் 26 அன்று ஊருக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். கழுத்து எலும்பு தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப்பட்டையும் வலி மாத்திரையும் கொடுத்தார். எனக்கு வலியே இல்லை என்பதை இரண்டு முறை சொன்னேன். ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை, ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கண்டக்டர் கூப்பிட்டார்.

"யக்கா, செருப்பு இங்கிட்டுக் கெடக்கு! ஒத்தச் செருப்போட எங்க போறீங்க?"

வலது கால் செருப்பு கழன்று பத்தடி பின்னால் கிடந்தது. காலுக்கு அது தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து என் வீட்டுக்காரருக்கு போன் செய்தேன்.

அவர் பெயர் செல்வராசு. ஆலங்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். தோட்டத்து மோட்டார் புகைந்து போனால், உள்ளே கருகிய கம்பியைப் பிய்த்தெடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் நனைத்துக் காயவைத்துத் தருவார். சுற்று வட்டாரத்தில் அவர் கட்டிய காயில் அவ்வளவு சீக்கிரம் எரியாது என்று பெயர். இந்தத் தொழிலை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

ஜூலை 1, திங்கட்கிழமை, புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரி. காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றோம். நரம்பியல் டாக்டர் கூப்பிட்டபோது பதினொன்றே கால். நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். தன் விரலை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். சிறு சுத்தியலால் முழங்காலில் தட்டினார். சாவியால் உள்ளங்காலைக் கீறினார். இடது கால் விரல்கள் மடங்கின. வலது கால் பெருவிரல் மட்டும் மேலே நிமிர்ந்தது. மூளையிலிருந்து வரும் வழியில் எங்கோ தடை இருக்கிறது என்பதற்கு அது அடையாளமாம்.

"எப்ப ஆரம்பிச்சதும்மா?"

போனில் இருந்த முத்திரைப் புத்தகப் படங்களைக் காட்டினேன். பதினேழாம் தேதி முத்திரை முழுவட்டம். பதினெட்டில் வலப்பக்கம் மங்கல். இருபத்தொன்றில் கால்வாசி வட்டம் காணோம். இருபத்துநான்கில் கோணல். டாக்டர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர்களைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாருங்க. நோயாளியே நோய்க்கு கிராஃப் போட்டுக் கொண்டாந்திருக்காங்க."

"அவ அப்பிடித்தான் சார்" என்றார் என் வீட்டுக்காரர். "நான் தாலி கட்டுனது எத்தன மணி எத்தன நிமிஷம்னு கேளுங்க, சொல்லுவா."

ஏழு மணி நாற்பத்திரண்டு. ஆனால் டாக்டர் கேட்கவில்லை. அன்றே அட்மிஷன் போட்டார்.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. எனவே என்னோடு இருந்தது என் நாத்தனார் கலா. என் வீட்டுக்காரர் பார்வை நேரத்தில் வந்து பார்த்துவிட்டு மற்ற நேரமெல்லாம் வாசல் வேப்பமரத்தடியில் நிற்பார். கலா ஜன்னலிலிருந்து கையாட்டி அவருக்குச் செய்தி அனுப்புவாள். கட்டை விரலை உயர்த்தினால் சாப்பிட்டாச்சு. கையை விரித்தால் டாக்டர் இன்னும் வரவில்லை.

ஜூலை 2, எம்.ஆர்.ஐ. ஸ்கேன். குழாய் போன்ற இயந்திரத்துக்குள் நாற்பது நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். உள்ளே கேட்ட சத்தம் தகரக் கொட்டகையில் நாலு பேர் நாலு விதமாக சுத்தியல் அடிப்பது போல இருந்தது. நடுவில் வெளியே இழுத்து, கையில் ஒரு சாயத்தை ஊசி மூலம் ஏற்றி, மறுபடி உள்ளே தள்ளினார்கள். மூளையில் எங்கே புதிதாகப் புண்ணிருக்கிறதோ அங்கே அந்தச் சாயம் கசியும், படத்தில் வெளிச்சமாகத் தெரியும்.

மாலையில் படத்தைப் பார்த்த பயிற்சி டாக்டர் இன்னொருவரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "கட்டியா இருக்குமோ?"

மறுநாள் காலை பெரிய டாக்டர் வரும்வரை அந்த ஒரு சொல்லோடு இருந்தேன். கலாவிடம் சொல்லவில்லை. அவளும் அதைக் கேட்டிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இருவரும் அன்று சம்பந்தமே இல்லாமல் சாம்பார்ப் பொடி அரைக்கும் விகிதத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஜூலை 3, காலை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து என் வீட்டுக்காரரையும் உள்ளே கூப்பிட்டார். இடது மூளையில், சிறு நெல்லிக்காய் அளவில் ஒரு வெண்மை. அதன் ஓரத்தில் மட்டும் சாயம் பிடித்து வளையம்போல் இருந்தது.

"இந்த வளையம் முழுசா மூடல பாருங்க, ஒரு பக்கம் தொறந்து கெடக்கு. கட்டி, சீழுன்னா பெரும்பாலும் முழுசா மூடியிருக்கும். இது வேற. நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கும், மைலின்னு பேரு. உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே தப்பா நெனச்சு அந்த உறையத் தின்னுருக்கு. உறை போனா சமிக்ஞை ஒழுங்காப் போகாது. அதான் கை, கால்."

என் வீட்டுக்காரர் முன்னால் குனிந்தார். "எனாமல் உரிஞ்ச காப்பர் ஒயர் மாதிரிங்களா சார்?"

டாக்டர் முகம் மலர்ந்தது. "அதேதான்!"

அந்த 'அதேதான்' எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகு நாங்கள் செய்த தவறுக்கும் அதுதான் வித்து.

அன்று முதுகெலும்பின் இடுக்கில் ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரில் சிறிது எடுத்தார்கள். நீரில் கிருமியோ வேறு கோளாறோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உறையைத் தாக்கும் சில எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க மாதிரியை வெளியூருக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு ஆன பெரிய செலவு அந்த வெளிச் சோதனைதான். என் வீட்டுக்காரர் எங்கள் தென்னந்தோப்பின் அடுத்த தேங்காய் வெட்டுக்கு முன்பணம் வாங்கிக் கட்டினார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிவுகள் வர இரண்டு வாரமானது. எல்லாம் 'இல்லை' என்றே வந்தன.

மாலையிலேயே ஸ்டீராய்டு மருந்தை ரத்தத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். ஐந்து நாள், தினமும் ஒரு பாட்டில். அது உறையை ஒட்டவைக்காது. தின்றுகொண்டிருக்கும் எதிர்ப்பு சக்தியை அடக்கும், வீக்கத்தை வற்றச்செய்யும், அவ்வளவுதான். வாயெல்லாம் இரும்புச் சுவை. தூக்கம் போய்விட்டது. பசி மட்டும் யானைப் பசி. கலா இரண்டு முறை இட்லி வாங்கி வந்தாள். இரும்புச் சுவை மாற எலுமிச்சை மிட்டாய் வாங்கி வந்து என் தலையணைக்கடியில் ஒளித்துவைத்தாள். மருந்தால் சர்க்கரை ஏறும் என்று நர்ஸ் அதைக் கண்டுபிடித்துத் திட்டியபோது, "எனக்குங்க சிஸ்டர், எனக்குத்தான் வாய் கசக்குது" என்று கூசாமல் சொன்னாள்.

அந்த வாரம்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. செப்டம்பர் 30 வரைதான் எனக்கு லீவு கிடைக்கும். அதற்குள் 'வேலைக்குத் தகுதி' என்று டாக்டர் எழுதித் தராவிட்டால் என் இடத்தில் வேறு ஆள் போடுவது பற்றி மேலே எழுதுவார்கள். முத்திரை குத்த, பணம் எண்ண, கணக்கு ஏற்றும் கைக்கருவியில் பெயர் தட்ட, எல்லாவற்றுக்கும் வலது கை வேண்டும். அஞ்சலகம் இல்லாத என்னை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

தூக்கம் வராத நேரங்களில் இடது கையால் போனைப் பிடித்துப் படித்தேன். வழக்கமாக நான் படிப்பது வரலாறும் பயணமும். இந்த முறை மூளையைப் படித்தேன். படித்ததில் சந்தேகம் வந்ததை மறுநாள் டாக்டரிடம் கேட்டேன். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

மூளை என்றதும் நாம் நியூரான்களைத்தான் நினைக்கிறோம். சமிக்ஞை கொண்டுபோகும் நரம்பு செல்கள் அவை. அவற்றோடு இன்னொரு பெருங்கூட்டம் இருக்கிறது. கிளியா செல்கள். கிரேக்க மொழியில் கிளியா என்றால் பசை. நியூரான்களை ஒட்டிவைக்கும் வெறும் பசை என்று நினைத்து அந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர். வேலை செய்பவர்களைப் பசை என்று நினைத்துவிட்டார்கள். ஒரு வகை கிளியா நரம்புக்கு உணவு தருகிறது. ஒரு வகை சுற்றித் திரிந்து குப்பை அள்ளுகிறது. ஒரு வகைதான் தன் உடலையே தகடாக நீட்டி, நரம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி உறையிடுகிறது.

கருவில் மூளை உருவாகும்போது கதை இன்னும் அழகு. தாய்ச்செல்கள், அதாவது பல வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள், மூளைச் சுவரின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் வரை கயிறுபோல் நீண்டு நிற்கின்றன. அவையும் ஒருவகை கிளியாதான். அவை பிரிந்து பெற்ற குட்டி நியூரான்கள் அந்தக் கயிற்றைப் பிடித்தே மேலேறித் தங்கள் இடத்துக்குப் போகின்றன. நியூரான்கள் இடம் சேர்ந்த பிறகு அதே தாய்ச்செல் வழியில் கிளியாக்கள் பெருமளவில் பிறக்கின்றன. உறையிடும் வேலை பிறப்பதற்கு முன்பே தொடங்கி இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. குழந்தை தலை நிற்பதும், உட்கார்வதும், நடப்பதும் அந்த உறை போடப்பட்ட வரிசையை ஒட்டித்தான்.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். வளர்ந்த மூளையிலும் உறையிடும் செல்களின் முன்னோடிகள் பரவலாகக் காத்திருக்கின்றன. உறை பிய்ந்தால், முதலில் குப்பை அள்ளும் செல்கள் வந்து பிய்ந்த துண்டுகளை அகற்றுகின்றன. பிறகு முன்னோடிகள் அங்கே நகர்ந்து, பெருகி, முழுச் செல்லாக மாறிப் புது உறை சுற்றுகின்றன. பழையதைவிட மெல்லியதாகத்தான் வரும். சிலருக்கு நன்றாக நடக்கும், சிலருக்கு அரைகுறையாக நிற்கும். வயதானால் வேகம் குறையும். எனக்கு நாற்பத்தைந்து.

ஜூலை 6 அன்று, கத்தாரில் வேலை பார்க்கும் என் மகன் கார்த்தி வீடியோவில் வந்தான்.

"அம்மா, ஒரு ஆஸ்பத்திரி விளம்பரம் அனுப்பிருக்கேன் பாரு. ஸ்டெம் செல் ஊசியாம். நாலு ஊசில மூளை புதுசா ஆயிருமாம். அப்பாகிட்டப் பேசிட்டேன், தோப்ப ஈடு வச்சாக்கூடப் பரவால்லங்கிறாரு."

"அப்பாவும் மகனும் என் மண்டைய வச்சு ஏலம் போடுறீங்களாடா?"

"வெளையாடாதம்மா. ஒனக்கு ஒண்ணுன்னா..." என்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பின்னால் ஏசி சத்தம் மட்டும் கேட்டது.

அன்று டாக்டரிடம் கேட்டேன். ரத்த நோய்கள் சிலவற்றில் தாய்ச்செல் சிகிச்சை உறுதியானது. இதற்கு இப்படி விளம்பரம் போட்டு ஊசி விற்பதெல்லாம் நிரூபணம் இல்லாதது. "உங்க மூளைக்குள்ளயே ஆள் இருக்காங்க. முதல்ல அவங்க வேலையப் பாப்போம்" என்றார். அதை அப்படியே கார்த்திக்குச் சொன்னேன். தோப்பு தப்பித்தது.

ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்பைப் பிடித்துப் பத்தடி நடந்தேன். டாக்டரின் இரண்டு விரல்களை இறுக்கிப் பிடிக்க முடிந்தது. தினமும் செய்ய வேண்டிய பயிற்சிகளைத் தாளில் படம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

இனி எங்கள் தவறு.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் அந்தத் தாளை மடித்து அலமாரி மேல் வைத்தார்.

"அரசி, இதெல்லாம் அப்பறம் பாத்துக்கிருவோம். இப்ப ஒனக்கு உள்ள காயில் கட்டுறாக. வார்னிஷ் காயாம லோடு குடுத்தா என்னாகும்?"

"புகைஞ்சிரும்."

"அப்ப? கையக் கால ஆட்டாமப் படு."

அவர் கடையில் அதுதான் முதல் சட்டம். காயில் கட்டி வார்னிஷ் ஊற்றியதும் மோட்டார்க் கூட்டுக்குள் பெரிய குண்டு பல்பைத் தொங்கவிட்டு, முழுதாகக் காயும்வரை இணைப்பே கொடுக்க மாட்டார். பயிர் வாடுது என்று விவசாயி கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார். அந்தப் பிடிவாதத்தால்தான் அவருக்கு அந்தப் பெயர். இருபத்து நான்கு வருடமாக அதைப் பார்த்துப் பழகிய எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அவ்வளவு படித்த நானும் மறுக்கவில்லை. பார்க்கப்போனால் அவரைவிட ஒரு படி மேலே போனேன். நோட்டில் "ஓய்வு, நாள் 1", "ஓய்வு, நாள் 2" என்று இடது கையால் எழுதிப் பெருமைப்பட்டேன்.

சோறு கலா ஊட்டினாள். தண்ணீர்க் குவளை வாய்க்கு வந்தது. பாத்ரூமுக்கு நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். வாரம் ஒருமுறை வீடுதேடி வரும் இயன்முறை மருத்துவர் இரண்டு வெள்ளிக்கிழமை வந்தார். இரண்டு முறையும் என் வீட்டுக்காரர் வாசலிலேயே, "தூங்குறாகம்மா, எழுப்ப வேணாம்" என்று அனுப்பிவிட்டார். இரண்டு முறையும் நான் விழித்துத்தான் இருந்தேன்.

ஜூலை 23. டாக்டர் விரல்களை நீட்டினார். பிடித்தேன். அவர் முகம் மாறியது.

"டிஸ்சார்ஜ் அன்னிக்கு இதவிட நல்லாப் பிடிச்சீங்களே? கையத் தூக்குங்க."

தோள் உயரத்துக்குமேல் போகவில்லை. வலித்தது. இப்போதுதான் முதன்முறையாக வலித்தது.

"பயிற்சியெல்லாம் எப்படிப் போகுது?"

நோட்டை நீட்டினேன். ஓய்வு, நாள் 14. டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "செப்டம்பர் கடைசில பாத்துத்தான் சர்டிஃபிகேட் பத்திச் சொல்ல முடியும்" என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் வரும்போது என் வீட்டுக்காரர் அந்த நோட்டையே புரட்டிக்கொண்டு வந்தார். ஆலங்குடி வந்ததும், "நான் உன்னக் கெடுத்துட்டேனா?" என்றார். "சேந்துதான் கெடுத்தோம்" என்றேன்.

ஜூலை 26, வெள்ளிக்கிழமை. இயன்முறை மருத்துவர் மூன்றாவது முறையாக வந்தார். பெயர் நஸ்ரின். கோட்டைப்பட்டினத்துப் பெண், இருபத்தெட்டு வயதிருக்கும். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"இன்னிக்காச்சும் முழிச்சிருக்காகளா, அண்ணே?"

என் வீட்டுக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார். பிறகு கடை, வார்னிஷ், குண்டு பல்பு எல்லாவற்றையும் குற்றம் ஒப்புக்கொள்பவர் மாதிரி சொன்னார். நஸ்ரின் சிரிக்கவில்லை.

"சரிண்ணே, ஒண்ணு கேக்குறேன். மோட்டார்ல கரண்ட நிறுத்திட்டுத்தானே காயில் கட்டுவீங்க?"

"பின்ன? கரண்டோட கட்டுனா ஆள் செத்துருவான்ல."

"மூளைல கரண்ட நிறுத்தவே முடியாதுல்ல. அது ஓடிக்கிட்டே இருக்கையிலதான் உறை சுத்தியாகணும். இன்னும் சொன்னா, எந்த ஒயர்ல கரண்ட் ஓடுதோ அந்த ஒயரத் தேடித்தான் அந்தச் செல்லு வருதுன்னு சொல்றாங்க. நீங்க கையையே ஆட்ட விடலன்னா அதுக்கு எந்த ஒயருன்னு எப்படித் தெரியும்?"

நஸ்ரின் விடவில்லை.

"எங்க வாப்பா லாஞ்சு வச்சிருக்காக. மீன்பிடித் தடைக்காலத்துல ரெண்டு மாசம் கரையில கெடக்கும். அப்பக்கூட அப்பப்ப எஞ்சின ஓட்டி வைப்பாக. ஏன்?"

"சும்மா கெடந்தா இறுகிப்போகும்."

"அக்கா தோளு இப்ப அப்பிடித்தான் இறுகிக் கெடக்கு. ரெண்டு தடவ என்னையத் திருப்பி அனுப்புனீங்கள்ல, அதுக்கு ஒரு டீயாவது போடச் சொல்லுங்க."

கலா டீ போட்டாள். நஸ்ரின் என் கையைப் பிடித்துத் தோளை மெதுவாகச் சுழற்றினார். நான் கத்தினேன். என் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போனார் என்றுதான் நினைத்தேன். முக்கால் மணி நேரத்தில் கடையிலிருந்து காயில் சுற்றும் கைப்பொறியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் மேசையில் வைத்தார்.

அது கைப்பிடியைச் சுற்றினால் கம்பி அச்சில் சுற்றிக்கொள்ளும் சிறு இயந்திரம். எத்தனை சுற்று ஆனது என்று காட்ட ஒரு எண்காட்டி இருக்கும். கைப்பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றித் தடிமனாக்கியிருந்தார்.

"இது ஆகுமாம்மா?"

நஸ்ரின் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அண்ணே, எங்க டிபார்ட்மென்டுலகூட இப்பிடி ஒண்ணு இல்ல" என்றார்.

எண்காட்டியைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. எண்ணும் தேதியும் இருந்தால் போதும், என்னால் எதையும் செய்ய முடியும். அன்று ஒன்பது சுற்று. பத்தாவது சுற்றுக்குக் கை எழவில்லை. ஜூலை 31, இருபத்திரண்டு. ஆகஸ்ட் 9, அறுபது. காலையில் வாசல் வரை நடை, பிறகு பக்கத்து வீடு வரை, பிறகு ரேஷன் கடை வரை. பார்ப்பவர்கள் எல்லாம், "போஸ்ட்டம்மா, மணியார்டர் கொண்டாரீங்களா?" என்று கேலி செய்தார்கள். கேலி செய்ததற்கு நன்றி. பாவம் என்று பார்த்திருந்தால் நான் வெளியே வந்திருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 14 அன்று வெந்நீரில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கை சுற்றவில்லை. இரண்டு சுற்றோடு நின்றது. எல்லாம் மறுபடி போய்விட்டது என்று உறுதியாக நம்பினேன். கலா ஓடிப்போய் என் வீட்டுக்காரரைக் கூட்டி வந்தாள். நஸ்ரினுக்கு போன் போட்டார். "சூடு பட்டா அப்பிடித்தான் அண்ணே. உறை மெலிசா இருக்கற ஒயரு சூட்டுல மந்தமாயிரும். ஆறுனதும் வந்துரும். இனிமே பச்சத் தண்ணில குளிக்கச் சொல்லுங்க." ஒரு மணி நேரத்தில் கை வந்தது. அன்றைய எண் இரண்டு. அதையும் எழுதினேன். அதை மட்டும் மறைத்தால் பதிவுக்கு என்ன மதிப்பு?

செப்டம்பர் 12, வியாழக்கிழமை. ஊரில் கத்திரி போட்டிருக்கும் சிதம்பரம் என்பவர் புகைந்த மோட்டாரைக் கடைக்குக் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் கம்பிச் சுருளோடு நேராக வீட்டுக்கு வந்தார்.

"இந்த செட்ட நீ சுத்து."

"வெளையாடாதீங்க. சுத்து தப்புனா மோட்டார் போயிரும்."

"நீ எப்பத் தப்பா எண்ணிருக்க?"

மூன்று நாள் எடுத்தது. அவர் சுற்றினால் ஒரு முற்பகல் வேலை. கம்பியை இடது கையால் வழிநடத்தி வலது கையால் சுற்றினேன். எல்லாக் காயிலுக்கும் ஒரே சுற்று எண்ணிக்கைதான், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நான்காவது காயிலில் ஒரு சுற்று சந்தேகமாக இருந்தது. முழுவதையும் பிரித்து மறுபடி சுற்றினேன். அவர் அவற்றை மோட்டாரில் இறக்கி, கட்டி, வார்னிஷ் ஊற்றினார். குண்டு பல்பு உள்ளே எரிந்தது. இங்கே அந்தச் சட்டம் சரிதான், அவரவர் வேலைக்கு அவரவர் சட்டம்.

செப்டம்பர் 17 அன்று மோட்டாரை மாட்டினார்கள். நானும் வரப்பில் நடந்து போனேன், ஊன்றுகம்பு இல்லாமல். கம்பி உறையின் காப்புத் திறனைச் சோதிக்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு அவர் தலையாட்டினார். சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஒருமுறை உறுமியது. குழாய் வாயில் காற்று இரண்டு முறை துப்பியது. பிறகு தண்ணீர் தடித்த வெள்ளைக் கம்பமாய் வந்து தொட்டியில் விழுந்தது.

சிதம்பரம் வாயைத் திறந்தபடி நின்றார். "என்னண்ணே, போஸ்ட்டம்மா தண்ணியவும் ஸ்டாம்பு ஒட்டி அனுப்ப ஆரம்பிச்சிருச்சு!"

என் வீட்டுக்காரர் தொட்டியில் கைவைத்துத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு எதையெதையோ கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். எதிலும் அன்று வந்த கர்வம் வந்ததில்லை. அதை ஒளிக்க விருப்பமும் இல்லை.

செப்டம்பர் 27, டாக்டரின் விரல்களைப் பிடித்தேன். "போதும், போதும், விடுங்க" என்று கையை உதறினார். தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டார். அக்டோபர் 1, செவ்வாய்க்கிழமை, வேலையில் சேர்ந்தேன். வலது கால் இன்னும் மாலையில் கொஞ்சம் இழுக்கும். சுண்டுவிரல் நுனி மரத்தேதான் இருக்கிறது. இந்தத் தாக்குதல் இனி வராது என்று யாரும் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

2025 ஜனவரி 7 அன்று இரண்டாவது ஸ்கேன் எடுத்தார்கள். நெல்லிக்காய் அளவிருந்த வெண்மை மிளகளவாகச் சுருங்கியிருந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நான் கேட்டேன்.

"அப்ப புது உறை வந்திருச்சுங்களா சார்?"

"வந்திருக்கலாம். வீக்கம் வத்துனதாலயும் இப்படித் தெரியும். இல்லன்னா மூளை வேற பாதையப் பழகிக்கிட்டதாலயும் கை வந்திருக்கலாம். இந்த ஸ்கேன வச்சு உறையத் தனியாப் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. உறுதியாச் சொல்லணும்னா அந்த இடத்துலேருந்து துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்புல பாக்கணும்."

"அதெல்லாம் வேணாம் சார்" என்று என் வீட்டுக்காரர் அவசரமாக எழுந்தார். "ஓடுற மோட்டாரப் பிரிக்க மாட்டோம்."

வீட்டுக்கு வந்து நோட்டில் இந்த வரியைச் சேர்த்தேன். மற்ற எல்லா வரிகளுக்கும் என்னிடம் தாளோ படமோ எண்ணோ சான்றாக இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லை: "இடது மூளையில் முன்னோடிச் செல்கள் புது உறை சுற்றியுள்ளன. சரிபார்க்கப்படவில்லை."